முசுப்பாத்தியா, விசயமா? படித்தவர்கள் சபையில் பேசப் போகிறவருக்கு நான்கு வழிகள்

"அண்ணை, நாற்பது நிமிசம் தந்திருக்கினம். முன்னால இருக்கப் போறவை எல்லாம் என்னைவிட அனுபவமான ஆக்கள். பகிடி விட்டால் மதிக்க மாட்டினம், விடாட்டி நித்திரை கொள்ளுவினம். என்ன செய்ய?"

கேட்டவர் ஓர் இளம் மருத்துவர். ஊரிலுள்ள குடும்ப வைத்தியர்களுக்கு நீரிழிவுக்காரரின் பாதப் புண் பற்றிப் பேச அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதே மாதத்தில் ஒரு வங்கி முகாமையாளரும் ஒரு மின் பொறியியலாளரும் கிட்டத்தட்ட இதே கேள்வியோடு வந்தார்கள். மூன்று பேருக்கும் தொலைபேசியில் தனித்தனியாக விளக்கி வாய் நொந்துபோனதால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

நான் கணக்கு, வரி வேலை செய்கிறவன். 'வளவாளர்' என்று பெயர் போட்டு, ஒரு கோப்பும் போத்தல் தண்ணீரும் தந்து கதைக்க விடுகிற செயலமர்வுகளில் பதினைந்து வருசமாகப் பேசி வருகிறேன். நன்றாகப் பேசிய நாளும் உண்டு, ஏன் போனேன் என்று வீட்டுக்கு வந்து படுத்த நாளும் உண்டு.

எங்கள் யாழ்ப்பாணத்தில் இந்தக் குழப்பம் கொஞ்சம் கூட. மேடைப் பேச்சைக் கலையாகப் பார்க்கிற இடத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் பிரசங்கத்தைத் தொடங்கிவைத்த காலத்திலிருந்து, கம்பன் விழா, வழக்காடு மன்றம், பட்டிமன்றம், சின்னமணி அவர்களின் வில்லிசை என்று கேட்டுக் கேட்டு, ஒலிவாங்கியைக் கையில் தந்தால் எங்களுக்குள் ஒரு பட்டிமன்றக்காரன் எழும்பிவிடுகிறான். அவனை எழுப்புவதா, படுக்க விடுவதா என்பதுதான் கேள்வி.

## முதலில், எதை வைத்து அளப்பது

முதலாவது, திங்கட்கிழமைக் கேள்வி. சனிக்கிழமை உங்கள் பேச்சைக் கேட்டவர் திங்கட்கிழமை காலை வேலைக்குப் போய் எதை வேறுமாதிரிச் செய்ய வேண்டும்? அதை ஒரு வரியில் எழுதுங்கள். அந்த வரி கையில் இல்லாமல் தயாரிக்கத் தொடங்காதீர்கள். நான் தொடங்கியிருக்கிறேன், என்ன நடந்தது என்று கீழே வருகிறது.

இரண்டாவது, சபையில் உங்களைவிட விசயம் தெரிந்த ஒருவராவது இருப்பார். பொதுமக்கள் கூட்டத்துக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் அதுதான். நீங்கள் ஓர் எண்ணைப் பிழையாகச் சொன்னால் அவர் புருவத்தைத் தூக்குவார், மற்றவர்கள் உங்களைப் பார்க்க மாட்டார்கள், அவருடைய புருவத்தைத்தான் பார்ப்பார்கள்.

மூன்றாவது, உண்மையில் கையில் கிடைக்கிற நேரம். இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, ஆனால் பாதிப் பேச்சுகள் இதில்தான் சாகின்றன. அழைப்பிதழில் ஒன்பதரை என்று இருக்கும். பிரதம விருந்தினர் வந்து சேரப் பத்து. பிறகு மங்கல விளக்கேற்றல். அதிலும் குத்துவிளக்குக்கு ஐந்து திரி, ஐந்தாவது திரியை ஏற்ற யாரைக் கூப்பிடுவது என்று ஒரு சின்ன ஆலோசனை. தமிழ்மொழி வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, சில இடங்களில் மாணவிகளின் வரவேற்பு நடனம். உங்களுக்குத் தந்த நாற்பது நிமிசம் இருபத்தைந்தாகிவிடும், ஒருங்கிணைப்பாளர் பக்கத்தில் வந்து குனிந்து "சேர், கொஞ்சம் சுருக்கமா" என்பார். ஆகவே எந்த வழியைத் தெரிந்தாலும், நாற்பதை இருபத்தைந்தாக வெட்டினால் அது உயிரோடு இருக்குமா என்று பாருங்கள்.

நான்காவது, ஆயத்தத்துக்கு எத்தனை மணித்தியாலம் போகும். ஐந்தாவது, சறுக்கினால் எவ்வளவு ஆழத்துக்குச் சறுக்கும்.

கைதட்டலையும் மதிப்பீட்டுப் படிவத்தையும் நான் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை, வேண்டுமென்றேதான். 1970இல் அமெரிக்காவில், தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக மருத்துவபீட ஆட்கள் ஒரு வேலை செய்தார்கள். மைக்கல் பொக்ஸ் என்ற நடிகரைப் பிடித்து, 'கலாநிதி மைரன் எல். பொக்ஸ்' என்று பெயர் வைத்து, கணித விளையாட்டுக் கோட்பாட்டை மருத்துவக் கல்விக்குப் பயன்படுத்துவது என்ற தலைப்பில் பேச விட்டார்கள். அவருக்கு அதில் ஒன்றும் தெரியாது. ஒரு சஞ்சிகைக் கட்டுரையை வைத்து, ஒன்றுக்கொன்று முரணான வசனங்களும் இல்லாத சொற்களும் இடைக்கிடை பகிடியுமாகப் பேசப் பழக்கியிருந்தார்கள். முன்னால் இருந்தவர்கள் உளமருத்துவர்கள், உளவியலாளர்கள், சமூகப்பணிக் கல்வியாளர்கள். கேட்டு முடித்து மிக நல்ல மதிப்பீடு போட்டார்கள். ஒருவர் அவருடைய வெளியீடுகளை ஏற்கெனவே வாசித்திருப்பதாகக்கூட எழுதிக் கொடுத்தார்! 1973இல் இது ஆய்வுக் கட்டுரையாக வந்தது. பேச்சுக்கு விழுகிற புள்ளியும் பேச்சிலுள்ள விசயமும் ஒன்றாகப் போக வேண்டிய கட்டாயமில்லை என்பதற்கு இன்றுவரை எல்லோரும் காட்டுகிற உதாரணம் இதுதான். ஆனபடியால் "எல்லாரும் நல்ல பேச்சு என்றவை" என்பதை நான் அத்தாட்சியாக எடுப்பதில்லை, என் பேச்சுக்குச் சொன்னாலும்.

## வழி ஒன்று: விசயம் மட்டும்

சுற்றுநிருபம், அட்டவணை, எண்கள், ஸ்லைட். எங்கள் அரச அலுவலகப் பயிற்சிகளில் பெரும்பகுதி இது. திட்டுவது சுலபம், ஆனால் இதற்கென்று இடம் இருக்கிறது. சொற்கள் சொன்னபடியே போய்ச் சேர வேண்டிய விசயம் என்றால் இதைவிட நல்ல வழி இல்லை. சட்டம், மருந்தின் அளவு, பாதுகாப்பு நடைமுறை, புதிய படிவத்தை நிரப்புவது, இவற்றில் நீங்கள் சுவைக்காகச் சொல்லை மாற்றினால் கேட்டவர் மாற்றிய சொல்லைத்தான் கொண்டுபோவார்.

சபைக்கு உங்கள்மேல் நம்பிக்கை வரும், ஆயத்தமும் சுகம். சறுக்கினாலும் ஆழமில்லை, அலுப்படித்தது என்பார்கள், அவமானம் என்று சொல்ல மாட்டார்கள். இந்தப் பாதுகாப்புத்தான் பலரை இங்கே கொண்டுவந்து நிறுத்துகிறது என்பது என் சந்தேகம்.

மறைந்திருக்கிற செலவு நேரத்தில் இருக்கிறது. அறுபது ஸ்லைட்டோடு வந்தவருக்கு இருபத்தைந்து நிமிசம்தான் என்றால் அவர் குறைக்க மாட்டார், ஓடுவார். "இது உங்களுக்குத் தெரியும், இதைப் பிறகு பாருங்கோ, இதை விடுவம்..." அப்புறம் கடைசி ஸ்லைட்டில் நன்றி என்று ஒரு பூப்படம். இன்னொன்று, படித்துக் காட்டக்கூடியதைக் கூட்டம் கூட்டிப் படித்துக் காட்டுவது கேட்கிறவரின் அரை நாளை எடுப்பது. கிளிநொச்சியிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் பஸ் ஏறி வந்திருப்பார்கள். கையேட்டை வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருக்க விட்டிருக்கலாமே என்று அவர்கள் நினைத்தால் நியாயம்தான்.

## வழி இரண்டு: பட்டிமன்றப் பாணி

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அதிகம் அடிபட்டது இதில்தான்.

2024 ஜனவரியில் இலங்கையில் வற் வரி (பெறுமதி சேர் வரி) 15 சதவீதத்திலிருந்து 18 ஆனது. அதே நேரம் பதிவு செய்ய வேண்டிய எல்லையும் ஆண்டுக்கு 80 மில்லியன் ரூபாயிலிருந்து 60 மில்லியனுக்கு இறங்கியது. அதுவரை தனக்கும் வற்றுக்கும் சம்பந்தமில்லை என்றிருந்த பல கடைக்காரர்கள் திடீரென்று உள்ளே வந்துவிட்டார்கள். அந்த நாட்களில் வணிகர்களும் அவர்களுடைய கணக்காளர்களும் இருந்த ஒரு கூட்டத்தில் பேசினேன். வரி என்றாலே முகம் சுருங்கும், ஆகவே சிரிக்க வைக்க வேண்டும் என்று முடிவு கட்டிக்கொண்டு போனேன். மாமியார் பகிடி, கொழும்பு ரயில் பகிடி, வெளிநாட்டிலிருந்து வந்த சித்தப்பாவின் பகிடி. மண்டபம் அதிர்ந்தது. பொன்னாடை போர்த்தினார்கள். படம் எடுத்து முகநூலில் போட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை ஒரு ஹார்ட்வெயார் கடை முதலாளி அழைத்தார். "தம்பி, அந்த மாமியார் கதையை வீட்டிலையும் சொல்லிச் சிரிச்சனாங்கள். அதுசரி, எனக்கு லாபம் பெரிசா இல்லை, அப்ப நான் பதியத் தேவையில்லைத்தானே?"

அந்த 60 மில்லியன் என்பது விற்பனைக்குப் போட்ட எல்லை, லாபத்துக்கானதல்ல. அன்று நான் சொல்லப் போன ஒரேயொரு விசயம் அதுதான். சொல்லியும் இருந்தேன், மாமியாருக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் எங்கேயோ.

இது என் கெட்டித்தனக் குறைவு மட்டுமில்லை என்று பிறகு வாசித்துத் தெரிந்துகொண்டேன். மின்னல் எப்படி உண்டாகிறது என்பதை விளக்கும் ஒரு பாடத்தை வைத்து ஹார்ப், மேயர் என்ற இரண்டு பேர் செய்த ஆய்வு 1998இல் வந்தது. மின்னல் தாக்கிய ஆட்களைப் பற்றிய சுவையான துணுக்குகளைப் பாடத்துக்குள் செருகிப் பார்த்தார்கள். துணுக்கோடு படித்தவர்களுக்கு மின்னல் உண்டாகும் படிகள் குறைவாகத்தான் நினைவிருந்தன. அதிலும் துணுக்குகள் தொடக்கத்தில் வந்தால்தான் கெடுதல் கூட. கேட்கிறவர் வரப்போவதையெல்லாம் அந்தத் துணுக்கைச் சுற்றியே அடுக்கத் தொடங்கிவிடுகிறார். "முதலில் ஒரு பகிடி சொல்லித் தொடங்கு" என்று பேச்சுப் பழக்குகிறவர்கள் சொல்லித் தருவார்களே, சம்பந்தமில்லாத பகிடிக்கு ஆகக் கூடாத இடம் அந்த முதல் நிமிசம்தான் என்று ஆகிறது.

சரி, பகிடியே வேண்டாமா? அதற்கும் ஓர் ஆய்வு இருக்கிறது. 1977இல் கப்லான், பாஸ்கோ என்பவர்கள் பல்கலைக்கழக மாணவர் ஐந்நூறு பேருக்கு மேல் வைத்துப் பார்த்தார்கள். பகிடியால் பாடம் மொத்தமாக நன்றாக விளங்கிவிடவில்லை. ஆனால் எந்தக் கருத்தை விளக்கப் பகிடியான உதாரணம் சொன்னார்களோ, அந்தக் கருத்து மட்டும் ஆறு கிழமை கழித்தும் நன்றாக நினைவிருந்தது. நான் இதிலிருந்து எடுத்துக்கொண்ட சோதனை இதுதான்: ஒரு பகிடியைப் பேச்சிலிருந்து தூக்கிப் பாருங்கள். விளக்கத்தில் ஓட்டை விழுந்தால் அது இருக்கட்டும். ஒன்றும் விழவில்லை என்றால், எவ்வளவு நல்ல பகிடியானாலும், கலியாண வீட்டுக்கு வைத்திருங்கள்.

இப்போது அதே வரிப் பேச்சில் ஒரு பகிடிதான் சொல்கிறேன். ஒரு முதலாளி சொல்கிறார்: "லாபம் கேட்டால் ஒன்றுமில்லை தம்பி, விற்பனை கேட்டால் ஒரு நாளைக்கு இரண்டு லட்சம்." சபை சிரிக்கிறது, எல்லோருக்கும் அப்படி ஒருவரைத் தெரியும். உடனே கணக்கைப் போடுகிறேன்: 2024இல் வந்த அந்த 60 மில்லியன் எல்லையை 365ஆல் பிரித்தால் நாளுக்கு ஏறத்தாழ 1,64,000 ரூபாய். அந்த முதலாளி எல்லையைத் தாண்டி நிற்கிறார். சிரித்தவர்களில் கொஞ்சப் பேர் சிரிப்பை நிறுத்திவிட்டு மனதுக்குள் தங்கள் கடையைக் கணக்குப் பார்ப்பது முகத்தில் தெரியும்.

பட்டிமன்றப் பாணியின் இன்னொரு செலவு பெரியது, பணத்தில் வராதது. ஒருமுறை சொத்து ஆவணங்கள் பற்றிய கூட்டத்தில், "காணி உறுதி எங்கே என்றால் எல்லாரும் ஒரே பதில், தொலைஞ்சு போச்சு" என்று கொஞ்சம் இழுத்து நடித்துக் காட்டினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். 1995 ஒக்ரோபரில் போரால் ஊரே எழும்பி நடந்தபோது உறுதியும் பிறப்புச் சான்றிதழும் அல்பமும் எங்கே போயின என்று அந்த மண்டபத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். எனக்கும் தெரியும், நானும் நடந்தவன்தான். பகிடி வாயில் வருகிற வேகத்தில் அது மறந்துபோனது. பிறகு அந்தப் பேச்சில் நான் சொன்ன ஒன்றும் ஏறவில்லை. சறுக்கினால் எவ்வளவு ஆழம் என்று மேலே கேட்டேனே, அந்த ஆழம் இது.

அப்படியென்றால் இந்தப் பாணி எப்போது சரி? ஆண்டிறுதி ஒன்றுகூடல், ஓய்வுபெறுகிறவரின் பிரியாவிடை, இராப்போசன உரை. அங்கே திங்கட்கிழமை எதுவும் மாற வேண்டியதில்லை, ஆட்கள் சேர்ந்து சிரிப்பதே நோக்கம், அதற்கு இதைவிட வேறு வழி சரிவராது. அங்கே போய்ப் புள்ளிவிபரம் காட்டுகிற மனிதரையும் எனக்குத் தெரியும், அவரை மறுமுறை யாரும் கூப்பிடவில்லை. (தன்னம்பிக்கைப் பேச்சு என்று இப்போது நிறையப் பேர் கிளம்பியிருக்கிறார்கள், அதுவும் இந்த இனம்தான், பகிடிக்குப் பதிலாகக் கண்ணீர்.)

## வழி மூன்று: ஒரு வழக்கைப் பிடித்துக்கொண்டு போவது

வழக்கு என்று நான் சொல்வது ஒரு சம்பவம், ஓர் ஆள், ஒரு தீர்மானம். பேச்சு முழுவதும் அந்த ஒன்றின் பின்னாலேயே போகிறது. விதி, எண், படி எல்லாம் அந்த ஆளுக்குத் தேவைப்படுகிற நேரத்தில் வரும்.

தொழில்காரர் சபைக்கு நான் பெரும்பாலும் இதைத்தான் சொல்வேன். மருத்துவர், சட்டத்தரணி, பொறியியலாளர், கணக்காளர், எல்லோரும் வழக்கு வழக்காகத்தான் வேலை செய்கிறார்கள், ஆகவே அவர்களுக்கு இது பழகிய பாதை. அடுத்து என்ன நடந்தது என்ற ஆவல் தானாகவே கண்ணைத் திறந்து வைத்திருப்பதால் பகிடிக்கு அலைய வேண்டியதில்லை, சிரிப்பு வந்தால் சம்பவத்துக்குள்ளிருந்து வரும். நேரத்தை வெட்டினாலும் தாங்கும்: கதையின் ஒரு கிளையை விட்டுவிட்டு முடிவுக்குப் போய்விடலாம்.

செலவுகள் இருக்கின்றன. ஆயத்தம் கூட, ஓர் அரை மணி நேரப் பேச்சுக்கு நல்ல வழக்கைத் தேடி, வேண்டாததைச் சீவி எடுக்க எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போகும். ஒரு வழக்கை வைத்து ஒரு விசயத்தைத்தான் சொல்லலாம். ஆறு விசயம் சொல்லச் சொல்லி அனுப்பியிருந்தால் ஒருங்கிணைப்பாளரோடு முதலில் கதைக்க வேண்டும். அப்புறம் கதை நன்றாக இருந்துவிட்டால் அதையே பொது விதியாக எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். "அந்தக் கடைக்காரருக்கு இப்படி நடந்ததுதானே" என்று தன் கடைக்கும் பொருத்துவார், அவருடையது வேறு வியாபாரமாக இருக்கும். வழக்கு எங்கே பொருந்தாது என்று வாய் திறந்து சொல்ல இரண்டு நிமிசம் ஒதுக்க வேண்டும்.

எங்கள் ஊருக்கென்று தனியாக ஒரு செலவும் உண்டு. யாழ்ப்பாணம் சின்ன ஊர். "திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட ஒரு மருந்துக்கடை" என்று தொடங்கினால் பெயர் சொல்லாவிட்டாலும் நாலு பேர் திரும்பி ஒருவரையொருவர் பார்ப்பார்கள். அந்தக் கடைக்காரரின் மச்சான் மூன்றாம் வரிசையில் இருப்பார், நிச்சயம். ஊரை மாற்றுங்கள், தொழிலை மாற்றுங்கள், இரண்டு வழக்கை ஒன்றாகக் கலவுங்கள், அப்படிச் செய்ததைச் சபைக்குச் சொல்லியும் விடுங்கள். இல்லாவிட்டால் நாளைக்கு உங்களிடம் வருகிற நோயாளியோ வாடிக்கையாளரோ வாயைத் திறக்கப் பயப்படுவார்.

## வழி நான்கு: கேள்வியிலிருந்து தொடங்குவது

பேச்சைச் சுருக்கி, சபையைக் கொண்டு வேலை செய்விப்பது. ஒரு சிக்கலைக் கொடுத்து இரண்டு இரண்டு பேராகக் கதைக்க விட்டு, பிறகு விடைக்கு வருவது. படிப்பிக்கிற அளவில் நான்கிலும் பலமானது இதுதான் என்பது என் எண்ணம், ஆனால் நான் குறைவாகச் செய்வதும் இதைத்தான்.

காரணம், சபை. முன்வரிசைச் சோபாவில் பணிப்பாளர் இருக்கிறார். பின்னால் நேற்று வேலைக்குச் சேர்ந்த பிள்ளை இருக்கிறது. கேள்வி கேட்டால் பணிப்பாளர் தப்பாக நினைப்பாரோ என்று பிள்ளைக்குப் பயம், தெரியாது என்று காட்டிவிடக் கூடாதே என்று பணிப்பாளருக்குப் பயம். "ஏதாவது கேள்வி இருக்கா?" என்று கேட்டுவிட்டு மின்விசிறி சுற்றுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்ற அனுபவம் பேசுகிற எல்லோருக்கும் இருக்கும். துண்டுக் கடதாசி கொடுத்துப் பெயரில்லாமல் எழுதி வாங்கினால் இது கணிசமாகத் தீரும், தேத்தண்ணி இடைவேளைக்கு முன் வாங்கிவிட்டால் இன்னும் நல்லது. ஓர் ஆளை முன்கூட்டியே பிடித்து மேடையில் உங்களோடு இருத்திக் கேள்வி கேட்க வைப்பதும் பலிக்கும், வில்லிசையில் பக்கத்தில் இருக்கிறவர் ஆமாம் போடுகிற மாதிரி இல்லாமல், இல்லையே என்று சொல்லத் தெரிந்தவராக இருந்தால்.

இன்னொரு செலவு மதிப்பீட்டுப் படிவத்தில் விழும். ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பௌதிகவியல் வகுப்புகளில் செய்து 2019இல் வெளியான ஓர் ஆய்வில், தாங்களே முயன்று கணக்குச் செய்த மாணவர்கள் சோதனையில் கூடுதலாக எடுத்தார்கள், ஆனால் விரிவுரையைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள்தான் தாங்கள் கூடக் கற்றதாக நினைத்தார்கள். தடுமாறுகிறபோது படிக்கிறோம் என்று தோன்றாது போல. அடுத்த அழைப்பு படிவத்தைப் பார்த்துத்தான் வரும் என்றால் இதை யோசித்துச் செய்யுங்கள்.

முப்பது பேருக்கு மேல் என்றாலும், நேரம் இருபத்தைந்துக்குக் கீழே போனாலும் இதைத் தொட வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | விசயம் மட்டும் | பட்டிமன்றப் பாணி | ஒரு வழக்கு | கேள்வியிலிருந்து |
|---|---|---|---|---|
| திங்கட்கிழமை என்ன மாறும் | கையேடு இருந்தால் மாறும் | பெரும்பாலும் ஒன்றுமில்லை | அந்த ஒரு விசயம் | சபை வாய் திறந்தால் நிறைய |
| விசயம் தெரிந்தவரின் புருவம் | எழும்பாது, ஆனால் சுருங்கும் | எழும்பும் | வழக்கு உண்மையென்றால் இறங்கும் | அவரையே பேச விடலாம் |
| நேரத்தை வெட்டினால் | செத்துப்போகும் | தாங்கும் | தாங்கும் | தாங்காது |
| ஆயத்தம் | குறைவு | பழகியவருக்குக் குறைவு | ஒரு நாள் | ஒரு நாளும் ஒரு பயமும் |
| சறுக்கினால் | அலுப்பு | மிக ஆழம் | நடுத்தரம் | மௌனம் |

## கலந்து செய்யலாமா

செய்யலாம், ஆனால் 'கொஞ்சம் விசயம், கொஞ்சம் பகிடி' என்று மாறி மாறி ஊற்றினால் தேத்தண்ணிக்குள் பாயாசம் விட்டது மாதிரி இருக்கும். கலப்பதற்கு எங்கள் கோயில்களிலேயே ஒரு நல்ல முறை இருக்கிறது. கந்தபுராணம் படிக்கும்போது ஒருவர் பாட்டை இராகத்தோடு படிப்பார், மற்றவர் அதற்குப் பயன், அதாவது விளக்கம், சொல்லுவார். பயன் சொல்லுகிறவருக்குச் சுதந்திரம் உண்டு. ஊர்க்கதை சொல்லலாம், கொஞ்சம் சிரிக்க வைக்கலாம், நேற்று நடந்ததைக் கொண்டுவந்து பொருத்தலாம். ஆனால் பாட்டை அவர் மாற்ற முடியாது, அடுத்த பாட்டு காத்துக்கொண்டிருப்பதால் கனதூரம் போகவும் முடியாது.

இப்படியே பேச்சையும் அமைக்கலாம். மாறக் கூடாதது எதுவோ, எல்லை, அளவு, படிமுறை, அது பாட்டு. அதை ஸ்லைட்டில் ஒரு வரியாகப் போட்டு, போட்டபடியே ஒருமுறை வாசியுங்கள். பிறகு ஸ்லைட்டைக் கறுப்பாக்கிவிட்டுப் பயன் சொல்லுங்கள். பகிடி, வழக்கு, கேள்வி எல்லாம் பயனுக்குள்தான். அரை மணி நேரத்துக்கு நான்கு பாட்டுக்கு மேல் வேண்டாம். மின்சாரம் போய்ப் புறஜெக்டர் அணைந்தாலும் நான்கு வரியை மனப்பாடமாகச் சொல்லிவிடலாம்.

## அந்த மூன்று பேருக்கு

வங்கி முகாமையாளருக்கு நான் சொன்னது முதலாவது வழி, தயக்கமில்லாமல். அவர் பேசப் போவது பெரிய தொகைக் காசுக் கொடுக்கல்வாங்கல்களையும் சந்தேகமானவற்றையும் அறிக்கையிடுவது பற்றி. 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டம், காசுக் கொடுக்கல்வாங்கலுக்கு 10 லட்சம் ரூபாய் எல்லை, யாருக்கு, எந்தப் படிவத்தில். இதில் நகைச்சுவையாக ஒருவர் விளங்கிக்கொண்டு போய்ப் பிழை விட்டால் அவருடைய வேலைக்கே பிரச்சினை. அரை மணி நேரம், ஒரு பக்கக் கையேடு, போதும். அவருக்கு முகம் வாடிவிட்டது, ஏதோ கதையொன்று வைத்திருந்தார் போல. தேத்தண்ணி நேரத்தில் சொல்லச் சொன்னேன்.

மருத்துவருக்கு வழக்கு. வழக்கும் அவரே சொல்லிவிட்டார், தான் சொன்னது அவருக்கே தெரியாமல். நல்லூர்த் திருவிழா நேரம் மத்தியான வெயிலில் வெறுங்காலோடு மணலில் நடந்த ஒரு நீரிழிவுக்காரர். பாதம் பொக்களித்தது அவருக்குத் தெரியவே இல்லை, உணர்ச்சி போய்விட்ட கால். இரண்டு நாள் கழித்துச் செருப்பில் ஈரத்தைப் பார்த்து மகள்தான் கண்டுபிடித்தார். யாழ்ப்பாணத்தில் குடும்ப வைத்தியம் பார்க்கிற எவரும் இதைக் கேட்டுவிட்டு நித்திரை கொள்ள மாட்டார். பத்து கிராம் நைலோன் இழையைப் பாதத்தில் தொட்டு உணர்ச்சியைச் சோதிப்பது அவருடைய 'பாட்டு'. அதைக் கதையின் நடுவில், மகள் செருப்பைத் தூக்கிப் பார்க்கிற இடத்தில் வைக்கச் சொன்னேன். ஆளின் வயது, ஊர், திருவிழாவின் எத்தனையாம் நாள் என்பதெல்லாம் மாறட்டும்.

பொறியியலாளர் பேசப் போவது வீடுகளின் புவித்தொடுப்பும், மின் கசிந்தால் தானாக அணைக்கிற ட்ரிப் சுவிட்சும். முன்னால் இருக்கப் போவது இருபது பொறியியலாளர்கள், ஒரே வயதுக்காரர், பணிப்பாளர் யாரும் இல்லை. நாலாவது வழிக்கு இதைவிட வாய்த்த சபை கிடைக்காது. 30 மில்லியம்பியர் கசிவிலேயே அது ஏன் அணைக்க வேண்டும் என்று அவர்களுக்கு விளக்கத் தேவையில்லை, தெரியும். அவர் எழும்பி வணக்கம் சொன்னதும் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: உங்கள் சொந்த வீட்டு ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை இந்த வருசம் அழுத்திப் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கோ. எத்தனை கை எழும்பும் என்று நினைக்க எனக்கே சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்பு அடங்கும் வரைக்கும் அவர் ஒன்றும் பேசாமல் நின்றால் போதும் என்று சொல்லியிருக்கிறேன், அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருக்கும் போலிருக்கிறது.